மணல் மூடிய ஊருக்கு இரண்டு உறுப்பினர்

எங்களை ஆளாக்கிய அண்ணா கண்மூடி ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திவசத்தன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை என்ற உரிமையோடு என் வணக்கம். "அம்மா, மாமாவைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதுங்கோ" என்று என் மகள் சொன்னாள். நாலு வரிக்குள் அடங்குகிற மனிதரா அவர்? நல்லதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கணவர் போன பிறகு பத்தொன்பது வருடம் அண்ணாவோடு கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரே வீட்டில் இருந்தவள் நான். நான் கண்டதை எழுதுகிறேன். இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று கேட்க விரும்புகிறவர்கள் என்னிடம் நேரே வந்து கேளுங்கள்.

அண்ணா வடமராட்சி கிழக்கில், குடத்தனையில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. அந்தக் கையெழுத்துத்தான் அவருக்கு அரசாங்க வேலை வாங்கிக் கொடுத்தது என்று அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுவார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தேர்தல் பகுதியில் கிளாக்கர். கிராமத்து அலுவலர்களான விதானைமார் வீடு வீடாகப் போய் நிரப்பிக்கொண்டு வரும் படிவங்களைப் பார்த்து வாக்காளர் இடாப்பைத் திருத்துவது அவர் வேலை. புதிதாக வயது வந்தவர்களை நீல மையில் சேர்ப்பார். செத்தவர்களை அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் வெட்டுவார். "இண்டைக்கு எத்தினை பேரைக் கொண்டனீங்கள்?" என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவரும் சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்லுவார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஒரு வருடத் திருத்தத்தில் அண்ணா எங்கள் அப்பாவை வெட்டிவிட்டார். அப்பாவின் பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட இன்னொருவர் ஊரில் இருந்தார். இறந்தவர் அவர். கோடு விழுந்தது அப்பாவின் வரியில். தேர்தல் வரும்வரை அது யாருக்கும் தெரியாது. அன்று காலை அப்பா வேட்டி சால்வையோடு பள்ளிக்கூடத்துக்கு வாக்குப் போடப் போனார். அங்கிருந்த அலுவலர் இடாப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் மோசம் போயிட்டியள், உயிரோட இல்லை எண்டெல்லோ கிடக்குது" என்றாராம். அப்பா வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார். படலையில் நின்றபடியே, "தம்பி, என்னை வெட்டிப் போட்டியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த மாதம் அப்பா ஒரு நோய் நொடியும் இல்லாமல் கிணற்றடியில் விழுந்து இறந்தார். மாரடைப்பு என்றார் டொக்டர். நாங்கள் நம்பினோம். அண்ணா நம்பவில்லை. ஒரு கோட்டால் ஆள் சாகுமோ என்று நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அந்த வருடமே கேட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு காணிப் பகுதிக்குப் போனார்.

எங்கள் நால்வரையும் கரைசேர்த்துவிட்டு, தான் கலியாணம் கட்டாமலே கனடாவுக்கு வந்தார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு மிசிசாகாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிற்றி வேலை பார்த்தார். பனியோ மழையோ, மூன்று பஸ் மாறிப் போவார். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. எத்தனையோ பொடியளுக்கு அவர்தான் இங்கே முதல் விலாசம். அவர் வீட்டு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் இந்த மலரை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

கனடாவில் வந்து இறங்கிய அன்றே ஒரு பிழை நடந்தது. நம் ஆட்களுக்கு எல்லாம் நடந்த பிழைதான். ஊரில் அப்பாவின் பெயரை முன்னுக்கும் நம் பெயரைப் பின்னுக்கும் எழுதுவோம். இங்கே முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர். அதனால் வெயர்ஹவுஸில் சுப்பவைசர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்த, அண்ணா திரும்பிப் பார்ப்பார். வங்கியிலும் டொக்டரிடமும் அதே கதை. குடியுரிமை எடுத்தபோது பெயரைச் சரியாக மாற்றி எழுதிக் கொடுத்தார். லைசென்ஸிலும் ஹெல்த் கார்ட்டிலும் பழையது பழையபடி நின்றது. கடைசியில் அரசாங்கத்துக்கு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

நான் அவரோடு வந்து இருந்த பிறகு வந்த முதல் தேர்தலில்தான் அதைக் கண்டேன். கடிதப் பெட்டியில் மூன்று வாக்காளர் அட்டைகள். ஒன்று எனக்கு, ஒன்று அண்ணாவுக்கு, மூன்றாவது அப்பாவுக்கு. இந்த நாட்டு மண்ணையே மிதிக்காத மனிதர்! "ஒரு போன் அடிச்சா எடுத்து விடுவினம் அண்ணா" என்றேன்.

"அவரை இன்னொருக்கா வெட்டச் சொல்லுறியோ?" என்று கேட்டார்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அட்டை வந்தது. அண்ணா அதை அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். அப்பாவின் அட்டையால் அவர் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. அப்படி யாராவது நினைத்தால் முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தேர்தல் நாட்களில் பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் மேசை வேலைக்குப் போகத் தொடங்கினார். பழைய குதிரை, மணிச் சத்தம் கேட்டால் நிற்குமா? அவரோடு ஒரே மேசையில் இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர், அண்ணாவின் வயதுதான். ஒரு தேர்தலன்று பின்னேரம் அந்த ஐயா இடாப்பில் விரலை வைத்து, "உன் வீட்டு விலாசத்தில் இன்னும் ஒருவர் வரவில்லையே" என்று கேட்டிருக்கிறார். வரமாட்டார் என்றாராம் அண்ணா. ஏன் என்று கேட்க, செத்துப் பல வருடம் என்றாராம். அந்த ஐயா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்படியென்றால் நீ பன்னோ ஆள்" என்று சொல்லிக் கதையைத் தொடங்கினாராம்.

பன்னோ அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையில், வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் இருந்த ஒரு துறைமுகப் பட்டினம். கடல் மணல் வந்து துறைமுகத்தை அடைத்தது. பிறகு தெருக்களை மூடியது. சனம் போய்விட்டது. மிஞ்சியது இடிந்த தேவாலயச் சுவரும் அதைச் சுற்றியிருந்த கல்லறைகளும்தான். ஆனால் டப்ளினில் இருந்த பழைய பாராளுமன்றத்தில் பன்னோவுக்கு இரண்டு ஆசனங்கள் இருந்தன. ஊர் மணலுக்குள் போன பிறகும் அவை போகவில்லை. ஒவ்வொரு பாராளுமன்றத்துக்கும் மணல் மேட்டிலிருந்து இரண்டு பேர் தெரிவாகிப் போனார்கள். நிலச் சொந்தக்காரர் யாரைச் சொல்கிறாரோ அவர்தான் உறுப்பினர். தேர்தல் நாளில் நாலைந்து பேர் கல்லறைகளுக்கு நடுவே வந்து நின்று பெயரை வாசித்துவிட்டுப் போவார்கள் என்று அந்தப் பக்கத்துச் சனங்கள் சொல்லுமாம். அந்தப் பாராளுமன்றத்தை லண்டனோடு சேர்த்து மூடிய பிறகுதான் பன்னோத் தொகுதியும் இல்லாமற் போனது.

வீட்டுக்கு வந்த அண்ணா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை, எங்கட ஊருக்குப் பக்கத்தில மணல் மூடின மணற்காட்டுத் தேவாலயம் மாதிரியே ஒரு ஊராம்" என்று தொடங்கியவர், அதோடு விடவேயில்லை. லைப்ரரியிலிருந்து புத்தகம் புத்தகமாக வந்தது. கொப்பி வாங்கிக் கோடு போட்டு, எந்தப் பாராளுமன்றத்தில் எவர் பன்னோவின் உறுப்பினர் என்று அதே அச்சுக் கையெழுத்தில் எழுதினார். தகப்பனுக்குப் பிறகு மகன், அவனுக்குப் பிறகு மருமகன். வாக்காளர் என்று ஒரு நிரல் போட்டிருந்தார். அந்த நிரல் முழுக்க வெறுமை. "இல்லாத ஊருக்குப் போகாத வழி எண்டு சும்மாவே சொல்லுறவை" என்று நான் நக்கல் அடித்தேன். அண்ணா சிரிக்கவில்லை.

ஒரு மாரிக்காலத்து மத்தியானம். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அறைக்குள் அண்ணா கொப்பியை உரத்து வாசிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெயர் சொல்லுவார், நிற்பார். அடுத்த பெயர் சொல்லுவார், நிற்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடாப்புக் கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்ப்பாரே, அப்படி. இடையில் ஓரிடத்தில் அப்பாவின் பெயர் வந்தது. கத்தியை வைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். அண்ணா கொப்பியைப் பார்க்கவில்லை. எதிரே கிடந்த வெறுங் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா, விசரே உங்களுக்கு?"

"அந்தச் சனத்தைப் பாவம் எண்டு யோசிக்கிறன்" என்றார். "செத்தும் போக விடாமல், இன்னொருத்தன்ர ஆசனத்துக்காக மணலுக்குள்ள நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். நானும் அப்பாவை அப்பிடித்தானே வைச்சிருக்கிறன், பிள்ளை."

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ்மார் ஹெல்த் கார்ட்டைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவர், அங்கே அசையவே இல்லை. காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தார்கள். என்னிடம் மெல்லச் சொன்னார்: "அவை அப்பாவைத்தான் கூப்பிடீனம். நான் இடையில பூந்து பதில் சொல்லக்கூடாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அடுத்த எலெக்‌ஷனுக்கு முதல் அப்பாவை எடுத்து விடு. அவர் போகட்டும். என்ர கையால ஒருக்கா வெட்டினது போதும்."

சரி என்றேன். சத்தியமும் பண்ணினேன். இரண்டு நாளில் அண்ணா போய்விட்டார்.

ஈமச் சடங்கு நடத்தியவர்கள் மரணச் சான்றிதழுக்கு ஹெல்த் கார்ட்டில் இருந்த பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அழுத கண்ணோடு நானும் அதைக் கவனிக்கவில்லை. அதன் பிரதியைத் தேர்தல் கந்தோருக்கு அனுப்பினேன். இந்த வருடம் தேர்தல் வந்தது. கடிதப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு அட்டைகள். அப்பாவின் பெயர் இல்லை. சான்றிதழிலிருந்த பெயருக்குரியவரை எடுத்துவிட்டார்கள். அண்ணாவின் சாவால் அப்பா விடுபட்டுப் போய்விட்டார். அட்டை வந்திருந்தது அண்ணாவுக்கு.

ஒரு கோடுதானே என்று அண்ணாவை ஏளனம் பண்ணியவள் நான். அந்த அட்டை வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாவின் உடலுக்கு நெருப்பு வைத்ததைக் கண்ணால் கண்டவள், ஆனாலும் போனை எடுக்கக் கை வரவில்லை. எடுக்காமல் விட்டால், மணலுக்குள் நிற்கும் சனம் மாதிரி அண்ணா இந்த வீட்டில் நிற்பார். எடுத்துச் சொன்னால், என் வாயாலேயே அவரை வெட்டுவேன். அண்ணா ஆயுள் முழுக்கச் சுமந்ததை நானும் சுமக்க வேணும். அதுதான் என் பயம், வேறொன்றுமில்லை.

இனி நன்றி. அண்ணாவை இரவும் பகலும் பார்த்த டொக்டர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சமைத்துக்கொண்டு வந்த எங்கள் கட்டடத்து வீட்டாருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தேவாரம் புரியாவிட்டாலும் கடைசிவரை எழுந்து நின்ற அயர்லாந்து ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடைசியாக, எங்கள் தொகுதித் தேர்தல் கந்தோரில் போன் எடுத்த தமிழ்ப் பிள்ளைக்கும் நன்றி சொல்ல வேண்டும். தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, ஒருவழியாகக் கூப்பிட்டேன். அண்ணா போன பிறகு எனக்குத் துணையாக வந்து நின்ற மகள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். பெயரையும் விலாசத்தையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது.

"ஓகே அன்ரி, போம் ஒண்டு பிறகு அனுப்புவம், சைன் பண்ணித் தாங்கோ. ஒருக்கா கன்ஃபர்ம் பண்ணோணும். அவர் இறந்திட்டார், சரிதானே?"

ஒரு சொல்தான், வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

"தாங்ஸ் அன்ரி. எடுத்திட்டன்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் இல்லை அன்ரி. உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற அங்கிள் ஓம் எண்டு சொன்னவர்."