பூமிக்குள்ளே என்ன நிறம்

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அருள்தாஸ், இருபத்திரண்டு வருஷம் தண்ணீருக்குப் போர் போடுகிற லாரியில் வேலை பார்த்தவர். பைப் தூக்குகிற ஆளாகச் சேர்ந்து, மிஷினை ஓட்டுகிற ஆளாக உயர்ந்தார். குழியிலிருந்து பறந்து வரும் தூளில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் முப்பதடி போவணும்" என்பார். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். தப்பிப்போன அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து செய்த காரியம். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் உத்திரமேரூருக்கு வந்து, பஸ் மாறிக் காஞ்சிபுரம் போய், ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையை நீட்டியபடி நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வீட்டில் நாள் முழுக்க ஒரு லிட்டர் தண்ணீர்தான்.

அவருக்கு அந்த நாலு மணி நேரம்தான் பெரிய வாதை. அதை நினைத்தே முந்தின ராத்திரி தூக்கம் வராது. ஊசி ஏறியதும் கையை ஒரு துண்டால் மூடிக்கொள்வார். மிஷின் பக்கம் திரும்பவே மாட்டார். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அது ஓடுகிறதா என்ற சந்தேகத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "தம்பி, மணி இன்னா ஆவுது?" என்று மிஷின் பார்க்கிற வசந்த்குமாரைக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி ஏஞ்சலோடு சண்டை. டம்ளர் சின்னது என்று ஒரு நாள், குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாள்.

அந்த வார்டுக்குப் புதன்கிழமைகளில் தமிழ்ச்செல்வி என்ற பெண் வர ஆரம்பித்தாள். நெடுநாள் நோயாளிகளின் மன அழுத்தம் குறைய, அவர்களைப் படம் வரைய வைப்பது அவள் படித்த படிப்பு. ஒரு பலகை, வெள்ளைத் தாள், கிரேயான் டப்பா ஆகியவற்றை அருள்தாஸின் வலது கைப் பக்கம் வைத்தாள்.

"எனக்கு இன்னா வயசுன்னு நெனச்சிக்கினு கீற நீ? பலப்பம் குடுத்து ஒக்கார வெப்பியா?"

"வேண்டாம்னா வேண்டாம்ணா. இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த கட்டிலில் மாகறல் ஊர் ஆண்டாளம்மாள். ஆற்றோரம் நிலம் உள்ள குடும்பம், அறுபதைத் தாண்டியவர். கிரேயானை வாங்கி மளமளவென்று எதையோ கிறுக்கத் தொடங்கினார். அருள்தாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைப் பார்த்தார். வட்டம், வட்டத்துக்குள் வட்டம், எல்லாம் ஊதா நிறம். கழுத்து வலிக்கிற அளவுக்கு எட்டிப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாம்மா அது?"

"தெர்லப்பா. கை போற பக்கம் போவுது."

தெரியாமல் ஒரு மனுஷி அரை மணி நேரம் எதை வரைவாள்? வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அதே யோசனையாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவராகவே பலகையை இழுத்து வைத்துக்கொண்டார். ஆளோ மரமோ வரைய வரவில்லை. தாளின் மேலே ஒரு பட்டை பழுப்பு தீட்டினார். அதன் கீழே கருஞ்சிவப்பு. அப்புறம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து. அதற்கும் கீழே, கறுப்பில் நீலத்தைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தார். கிரேயான் உடைந்தது.

தமிழ்ச்செல்வி நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "இது எந்த இடம்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க ஊரு ஏரிக்கரை. மேல கீற ஆறடி களிமண்ணு. அப்பால செம்மண்ணு, சரளை. இது சுண்ணாம்பு மாரி வரும், கைல ஒட்டும். நாப்பதடிக்குக் கீழ கருங்கல்லு. கல்லுக்குள்ள மயிரிழை மாரி ஒரு வெடிப்பு ஓடும் பாரு, அதுலதான் தண்ணி."

ஆண்டாளம்மாள் இப்போது எட்டிப் பார்த்தார். "எங்க ஊருக்குக் கீழ இன்னா கீது?"

"உங்களுக்கு இன்னாம்மா, ஆத்து மணலு. எத்தினி அடி போனாலும் மணலு," என்று சொல்லி அவருக்கும் ஒன்று வரைந்து கொடுத்தார். அன்றைக்குச் சத்தமில்லாமல் நேரம் ஓடியது. வசந்த்குமார் ஊசியைக் கழற்ற வந்தபோதுதான், மணி கேட்கவே இல்லை என்பது அருள்தாஸுக்குத் தெரிந்தது.

மிஷின்காரர் அல்லவா, இதையும் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. வரைகிற நாளிலும் வரையாத நாளிலும் பிரஷரைத் தனித்தனியாக எழுத வசந்த்குமாரிடம் சொன்னார். ஒரு மாதம் எழுதினார்கள். சில நாள் இறங்கியிருந்தது, சில நாள் அப்படியேதான் இருந்தது. ஒரு புதன்கிழமை கால் நரம்பு சுருட்டிப் பிடித்து, பாதி வரைந்த தாளைக் கசக்கி எறிந்தார். தமிழ்ச்செல்வி அதை எடுத்து நீவி வைத்தாள்.

"நம்பரு ஒண்ணும் சரியா சொல்லலயே மேடம்," என்றார் மாதக் கடைசியில்.

"மருந்துதான்ணா பிரஷரைப் பாத்துக்கணும். இங்க வர்றதுக்கு முந்தின ராத்திரி தூக்கம் எப்படி இருக்குது?"

யோசித்தார். தூங்கிக்கொண்டுதான் இருந்தார். எந்த நாளிலிருந்து என்றுதான் தெரியவில்லை.

ஊர் ஊராக வரைந்து முடிந்த பிறகு ஒரு நாள் கையில் தாள் இருந்தது, வரைய இடம் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மிஷின் பக்கம் திரும்பினார். சிவப்புக் குழாய் ஒன்று போனது, ஒன்று வந்தது. நடுவில் ஒரு நீளக் குப்பி நின்றது.

"தம்பி, அந்தக் குப்பிக்குள்ள இன்னா கீது?"

வசந்த்குமார் புதுக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே முடி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஆயிரக்கணக்கான குழல்கள். ரத்தம் குழலுக்குள்ளே போகும், மருந்துத் தண்ணீர் வெளியே எதிர்ப்பக்கமாக ஓடும், ரத்தத்தில் இருக்கும் கழிவு அந்தத் தண்ணீருக்குப் போய்விடும் என்றான்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயேண்ணா."

பிறகு கேள்வி நிற்கவில்லை. இடது கையில், ஊசி போடுகிற இடத்தில், ஏன் இந்தப் புடைப்பு? ரத்தம் வேகமாக வருகிற குழாயை, மெதுவாகப் போகிற குழாயோடு ஆபரேஷனில் சேர்த்திருக்கிறார்கள், அதனால்தான். அருள்தாஸ் துண்டை எடுத்துவிட்டுத் தன் கையை வரைந்தார். மேல் தோல், அடியில் கொழுப்பு, சதை, அடியில் எலும்பு. குறுக்கே, இரண்டு குழாயும் சேருகிற இடம்.

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஏஞ்சல் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது எந்த ஊருய்யா?"

"ஊரு இல்லடி. என் கை."

அவள் படத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் புடைப்பைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று மூன்று வருஷமாக அவள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அது அவருக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

"தொட்டுப் பாரு. ஒண்ணும் ஆவாது. தெனம் தொட்டுப் பாக்கணும்னு சொல்லிக் கீறாங்க."

ஒரே ஒரு விரலை வைத்தாள். விருட்டென்று எடுத்தாள். மறுபடி உள்ளங்கையையே வைத்தாள்.

"உள்ள மோட்டாரு மாரி இன்னாமோ ஓடுதுய்யா!"

"ஓடணும். ஓடுனாத்தான் நல்லது."

"வலிக்கலயா?"

"ஊசி போடச்சொல்லோ வலிக்கும். இப்ப இல்ல."

குப்பிக்குள் ரத்தம் ஓடுகிற கதையையும் அவர் சொன்னார். கையை எடுக்காமலே அவள் கேட்டாள், "ஒரு நாளு நானும் அங்க வரட்டுமா? அந்தக் குப்பியப் பாக்கணும்."

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள்.