சங்கு ஊதும் கடைசி ஸ்டேஜ்

அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நர்மதா, எவரிடமும் பாடம் கேட்காமல் வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொண்டவள். அவளுடைய முதல் படைப்பு ‘சுண்ணாம்புக் குழி’. பழைய காலத்து வீடியோ கேம்களைப் போலச் சதுரப் புள்ளிகளால் ஆன உலகம். அதில் கடப்பாரையோடு ஒருவன் குவாரிக்குள் ஓடுவான், தாண்டுவான், உருண்டு வரும் பாறைகளை உடைப்பான். ஒரே ஒரு கல் பட்டாலும் ஸ்டேஜின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். அந்தக் கடுமைக்காகவே அது பரவியது. சிமெண்ட் ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள் அதைத் திட்டிக்கொண்டே விளையாடினார்கள்.

ஆனால் அது அவள் பெயரில் பரவவில்லை. பெரம்பலூரில் அவளோடு சிவில் டிப்ளமோ படித்த சென்னைக்காரன் பிரேம், “என் அக்கவுண்ட்லயே ஏத்திடுறேன்” என்று வாங்கிப்போய், முதல் திரையில் இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு அனுப்பிய ஒவ்வொரு கோப்பும், அவன் எழுதிய ஒவ்வொரு பதிலும் தேதிவாரியாக அவளிடம் இருந்தன. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த வக்கீல், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்றார். இழுக்கட்டும் என்று வழக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, நர்மதா இரண்டாம் பாகத்தைச் செய்ய உட்கார்ந்தாள்.

அது முன்னதைவிடக் கடினமாக அமைந்தது. இம்முறை அவள் தன் பெயரை முதல் திரையில் வைக்கவில்லை. கடைசி ஸ்டேஜைக் கடப்பவர் கண்ணுக்கு மட்டும், குவாரிச் சுவரில் வெட்டிய எழுத்தாக அது தோன்றும். உழைத்து வருகிறவர் பார்த்தால் போதும் என்று, பெயர் காட்டாத தன் சொந்தக் கணக்கிலேயே வெளியிட்டாள்.

வாரங்கள் ஓடின. ஒருவரும் அந்தப் பெயரைப் பார்க்கவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ விளையாடியவர்கள் எல்லாரும் கடைசி ஸ்டேஜில் ஒரே இடத்தில் செத்தார்கள். அந்த இடம்தான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைத்திருந்த நர்மதாவுக்குக் காரணம் விளங்கவில்லை.

பிரேம் போன் செய்தான்.

“என்ன நர்மதா, ஒருத்தனும் முடிக்க மாட்டேங்கிறானாமே?”

“எதுக்குக் கூப்ட்ட, அதச் சொல்லு.”

“அந்தக் கடைசி ஸ்டேஜை சரி பண்ணிக் குடு. என் அக்கவுண்ட்லயே போட்டுடலாம். உன் பேரும் கீழ சின்னதா வரும், உதவின்னு.”

“சரி பண்ண அதுல என்ன இருக்கு?”

“சங்கு ஊதுது. ஆளு ஓடுறான். எவ்வளவு வேகமா ஓடினாலும் பாறை விழுந்து சாவுறான். இது தப்பு இல்லாம என்ன?”

“ஓடுறானா?” நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சங்கு ஊதுனா எவனாச்சும் ஓடுவானா பிரேம்?”

தன் தவறு அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. குவாரியில் வெடி வைக்குமுன் எச்சரிக்கை சைரனாக ஒரு சங்கு ஊதும். வண்டிகள் நிற்கும், நடப்பவர் நிற்பார். வெடி அடங்கி இரண்டாவது சங்கு ஊதிய பிறகே யாரும் நகர்வார்கள். உலகமே அப்படித்தான் என்று எண்ணி, அவள் ஒரு குறிப்புக்கூட எழுதாமல் விட்டிருந்தாள்.

“அப்ப ‘நில்’னு ஒரு வரி போடு.”

“மாட்டேன். எங்க ஊரு ஆளு ஒருத்தர் அங்க வந்து சேரட்டும், அப்பறம் பாரு.”

“வந்தா பார்ப்போம்.”

“பாக்கத்தான் போற.”

ஜெயங்கொண்டத்து டிப்பர் டிரைவர் செல்லக்கண்ணு ஒருநாள் ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கை போனில் விளையாடிக்கொண்டே இருந்தது.

“இத செஞ்ச பய மட்டும் என் கையில கெடைச்சான்னா! கால் வைக்கிற எடமெல்லாம் கல்லு வச்சிருக்கான்.”

“பயன்னு எப்புடிண்ணே தெரியும்?”

“பின்ன? இம்புட்டு நெஞ்சழுத்தம் வேற யாருக்கும்மா வரும்?”

நர்மதா எட்டிப் பார்த்தாள். கடைசி ஸ்டேஜ். அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினாள்.

போனிலிருந்து சங்கு ஊதியது. குவாரியருகே நின்று அவளே பதிவு செய்த நிஜச் சங்கு. கடைப்படியில் இறங்கப்போன ஒருவர் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். செல்லக்கண்ணுவின் கட்டைவிரல் தானாகத் திரையைவிட்டு எழுந்தது. பாறைகள் கடப்பாரைக்காரனுக்கு முன்னும் பின்னும் விழுந்தன, அவன் அசையவில்லை. இரண்டாவது சங்கு ஊதியது. படியில் நின்றவர் இறங்கிப் போனார். செல்லக்கண்ணு விரலை வைத்தார். அவன் ஓடிக் கரையேறினான்.

குவாரிச் சுவரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. செல்லக்கண்ணு எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஆக்கம்... நர்மதா, அரியலூர்.” நிமிர்ந்து, அதே பெயர் எழுதியிருந்த கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீதானாம்மா அந்தப் பய?”

“நாந்தாண்ணே. இன்னொரு தடவ விளையாடுங்க, வீடியோ எடுத்துக்கிறேன். ஒருத்தருக்கு அனுப்பணும்.”

“மறுபடி மொதல்லேருந்தா?”

“மொதல்லேருந்துதான்” என்று சொல்லி, நர்மதா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.