கம்பெனி நாற்காலி

என் மகள் இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திரா நகரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போவாள். பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு அங்கே மாதிரித் தேர்வு வைப்பார்கள். ஒன்பதரைக்கு தொம்மலூரிலிருந்து கிளம்பினால் ஒன்றரைக்கு வீட்டில் இருப்பாள். ஒரு ஞாயிறு, நான் கையெழுத்துப் போட்டு வைத்த விண்ணப்பத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் கடைசி நாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே கொடுக்கப் போனேன்.

அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். "பந்தில்ல சார். ஆறு வாரதிந்த பந்தில்ல," என்றார். என் அப்பா இங்கே மாநில அரசில் வேலை பார்த்தவர்; எங்கள் வீட்டில் கன்னடம் யாருக்கும் அந்நியமில்லை. ஆனாலும் அவர் சொன்னதை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. ஆறு வாரமாக வரவில்லை. வார நாள் வகுப்புகளுக்கு ஒழுங்காக வருகிறாளாம். ஞாயிறு மட்டும் இல்லை.

அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. தெரிந்த மூன்று வீடுகளுக்குப் போய், வேறு எதற்கோ வந்தவன்போலப் பேசிவிட்டுத் திரும்பினேன். அல்சூர் ஏரி ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக அங்கே நிறுத்தினேன் என்று தோன்றியதும் கால் நடுங்க ஆரம்பித்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்திதான் சொன்னாள். அந்தப் பெண் வாசலுக்கு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு வீட்டு மாடி அங்கிள். தப்பா ஒண்ணுமில்ல. ஜப்பான் வீடியோ கேம் பத்திப் பேசறவங்க."

"பேசறவங்களா, ஆடறவங்களா?"

"ஆடறது கம்மி அங்கிள். பேசறதுதான் ஜாஸ்தி."

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். இன்றோடு இது முடிந்தது. இனி எல்லா ஞாயிறும் நானே மையத்தில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வாசலில் நிற்பேன். கோல்ஸ் பார்க் தாண்டும்போது அதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

பழைய வீடு அது. வெளிப்பக்கமாக மாடிப்படி. மேலே கதவு திறந்தே இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பாயிலும் பிரம்பு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் இருபதை ஒட்டிய வயது. இரண்டு பேர் மட்டும் முப்பதைத் தாண்டியவர்கள். தொலைக்காட்சிப் பெட்டிமேல் துணி போட்டு மூடியிருந்தது. அறை நடுவில் கை வைத்த மர நாற்காலி ஒன்று. அதில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவளுக்கு எதிரே நின்று தாடி வைத்த ஒரு கல்லூரிப் பையன் வாதாடிக்கொண்டிருந்தான்.

"கம்பெனி மேடம், கொஞ்சம் கேளுங்க. ரயில் ஓட்டற கேமை வெளிநாட்ல நாய்கூட சீண்டாதுன்னு போன வருஷம் இதே ரூம்ல சொன்னாங்க. வந்துச்சா இல்லையா?"

"ரயில் எல்லா ஊர்லயும் ஓடுது," என்றாள் என் மகள். "காசு கொடுத்துக் குளிக்கிற பொது வீடு எந்த ஊர்ல இருக்கு? ஒவ்வொரு பேச்சுக்கும் விளக்கம் எழுதணும். அவ்வளவையும் மொழிபெயர்க்கணும். இதுக்கு யார் பொறுப்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்படி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"விளக்கமே வேணாம் குரு. வெந்நீர்ல குளிக்கறதுன்னா யாருக்குத் தெரியாது?" என்றது ஒரு குரல்.

"உனக்குத் தெரியாது மச்சா. கடைசியா எப்பக் குளிச்சே?" என்றது இன்னொன்று.

என் மகள் சிரிக்கவில்லை. வலது கையை முகத்துக்குக் கொண்டுபோய், இல்லாத ஒரு கண்ணாடியைக் கழற்றினாள். காம்புகளை மடித்தாள். முழங்கால்மேல் வைத்தாள். அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை.

"சரி. அப்புறம்?" என்றாள், தாடிக்காரனைப் பார்த்து.

நான் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாக, ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் நான் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பேனாம். உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். குக்கர் வளையம் காணாமல் போனாலும் வீட்டில் நான் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு யார் பொறுப்பு என்பது. அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மெதுவாக விட்டாள். அதுவும் என்னுடையதுதான்.

தாடிக்காரன் விடவில்லை. பேச்சு நிறைய இருக்கும் விளையாட்டுகளைக் கம்பெனிகள் ஏன் கடல் தாண்டி அனுப்பப் பயப்படுகின்றன, அப்படி அனுப்பியவற்றில் எது பிழைத்தது, எந்த விளையாட்டைப் புதிய இயந்திரம் வருகிறது என்பதற்காகவே பாதியில் கைவிட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் என் மகளிடம் பதில் இருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் தொழிற்சாலைக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். தயார் செய்து வந்தது மறந்துபோயிருந்தது. தாடிக்காரன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, என்னையறியாமல் வாசலிலிருந்து, "சரி. அப்புறம்?" என்றேன்.

பாயில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். பிறகு தாடிக்காரன் மெல்லச் சொன்னான்: "டேய், கம்பெனியே வந்துடுச்சு."

என் மகள் திரும்பினாள். "அப்பா," என்றாள். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

முப்பதைத் தாண்டியவர்களில் ஒருவர் அந்த வீட்டுக்காரர். எனக்கு ஒரு நாற்காலி போட்டார். இன்னொருவர் ஒரு பெண்மணி, ஜப்பானிய இயந்திரங்கள் தொடர்பான ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். முதல் ஒரு மணி நேரம் அவர் இவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறாராம். "உங்களுக்குத் தெரிஞ்சு வராங்கன்னு நினைச்சேன் சார். என் தப்பு, நான் கேட்டிருக்கணும்," என்றார். என் மகளின் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பக்கம் பக்கமாகச் சித்திர எழுத்துகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தில் பொருள், அதற்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு. அடித்துத் திருத்திய இடங்களில் பழையதும் தெரியும்படி ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருந்தாள்.

சுவரில் ஒரு பெரிய அட்டை. எந்த விளையாட்டு வெளிநாட்டுக்கு வரும், எது வராது என்று இவர்கள் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. தவறிப்போன இடத்தில் சிவப்பு மை. பக்கத்தில் தப்பாகச் சொன்னவரின் கையெழுத்து. தன் தவற்றைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டிய ஒரு ஆளை என் வேலையில் நான் பார்த்ததில்லை. நான் உட்பட.

வீட்டுக்காரர்தான் நாற்காலியின் வழக்கத்தை விளக்கினார். ஒரு விளையாட்டை யார் மிக அதிகமாக விரும்புகிறார்களோ அவர்தான் அந்த நாற்காலியில் கம்பெனியாக உட்கார வேண்டும். அதை ஏன் வெளியிட முடியாது என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவரிடம் கெஞ்ச வேண்டும். ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கம்பெனி சம்மதித்துவிட்டால் அந்த விளையாட்டு எப்படியும் ஆங்கிலத்தில் வரும், காத்திருக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். கம்பெனி மறுத்துவிட்டால், அதை விரும்பியவரே ஞாயிறுதோறும் இங்கே உட்கார்ந்து, மற்றவர்களுக்காகக் கையால் மொழிபெயர்த்து முடிக்க வேண்டும். இவர்களிடம் இருந்த விளையாட்டுத் தட்டுகளெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரரின் அக்கா கொண்டுவந்தவை.

"இவ உக்காந்தா யாராலயும் ஜெயிக்க முடியல சார்," என்றார். "மூணு வாரமா இழுக்குது. சரின்னும் சொல்ல மாட்டேங்கறா, முடியாதுன்னும் சொல்ல மாட்டேங்கறா."

"முடியாதுன்னு சொன்னா வேலைய ஆரம்பிக்கணும்," என்றாள் என் மகள், யாரையும் பார்க்காமல். "ஆரம்பிச்சா வீட்ல சொல்லணும்."

தாடிக்காரன்தான், இறுக்கத்தைக் குறைக்கவோ என்னவோ, "ஒரிஜினல் இருக்கறப்ப டூப்ளிகேட் எதுக்கு? அங்கிள், நீங்களே உக்காருங்க," என்றான்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் என்னை மூன்று வாரமாக உட்கார்த்தி வைத்திருந்திருக்கிறார்கள். போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து எதிரே நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றினேன். ஒருவன் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினான்.

"என்ன கேம் இது?" என்றேன்.

"ஒரு விதவை அம்மா, குளியல் வீடு நடத்தறாங்க. தண்ணி காய வைக்கணும். வரவங்களோட பேசணும். அவ்வளவுதான்."

"சண்டை?"

"இல்ல."

"ஜெயிக்கறது?"

"அதுவும் இல்லப்பா."

"அப்ப இதை யார் வாங்குவாங்க?"

அவள் என்னிடம் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வைத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாதாடவில்லை.

"சாயங்காலம் கடைசி ஆள் போனப்புறம் அடுப்பை அணைச்சுடலாம்," என்றாள். "அணைக்காமலும் இருக்கலாம். மீன் மார்க்கெட்ல வேலை செய்யற ஒருத்தர் சில நாள் தாமதமா வருவார், சில நாள் வரவே மாட்டார். வரலைன்னா விறகு வீண். வந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குளிக்கப் போவார். அதுக்குப் பாயிண்ட் எதுவும் கிடையாது. அவர் என்ன சொல்றார்னு தெரிஞ்சுக்கணும்னுதான் நான் இந்த மொழியைப் படிக்க ஆரம்பிச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"போன வாரம்தான். 'இன்னிக்கும் எரியுதா'ன்னு கேக்கறார்."

நான் மடித்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிருந்தது. இத்தனை வயதில் ஒரு வீடியோ விளையாட்டின் கதையில் அந்த மீன் மார்க்கெட் ஆள் மறுநாள் வந்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் நாற்காலியில் இருப்பவன் நேர்மையாகச் சொல்ல வேண்டும் அல்லவா. எத்தனை ஆயிரம் வரி மொழிபெயர்ப்பு, எத்தனை பேர் வாங்குவார்கள், பெட்டியில் என்ன படம் போடுவது. எந்த ஆய்வாளனும் இதில் கையெழுத்துப் போடமாட்டான்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பெனியின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கம்பெனி இதை வெளியிடாது," என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. வீட்டுக்காரர் எழுந்து போய் அட்டையில் எழுதினார். அந்தப் பெண்மணி நோட்டை என் மகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னேம்ப்பா. மனசுக்குள்ள தினமும் உங்ககிட்ட சொல்வேன். நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஜெயிச்சீங்க."

ரயில் போனது. ஏரிக்கரையில் நின்றதை அவளிடம் சொன்னேன். அழகாகச் சொல்லத் தெரியவில்லை. எந்த இடம், எத்தனை நேரம், கால் எப்படி இருந்தது என்று, ஆய்வறிக்கை படிப்பதுபோல. அவள் என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கேட் திறந்த பிறகும் விடவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டோம். விட்டுப்போன தேர்வுகளைச் சனிக்கிழமைகளில் எழுத வேண்டும். அது அவள் ஒப்புக்கொண்டது. அம்மாவிடம் அவளே சொல்ல வேண்டும். அது அவள் கெஞ்சிப் பார்த்து, பிறகு ஒப்புக்கொண்டது. மூன்றாவதாக, ஞாயிறுகளில் நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன் என்றேன். அதற்கு அவள் ஒப்பவில்லை. தெரு திரும்பும்வரை வாதாடினாள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரரின் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவதாக முடிந்தது.

அம்மாவிடம் சொன்னாள். என் மனைவி அவளைத் திட்டுவதற்கு முன்னால், தன்னிடம் சொல்லாமல் ஊரைச் சுற்றியதற்காக என்னைத் திட்டினாள். நியாயம்தான்.

இப்போது அவள் பொறியியல் இரண்டாம் வருடம். பெரிய கல்லூரி இல்லை, கிடைத்த இடம். ஜப்பானிய மொழியில் இரண்டு படித் தேர்வுகள் எழுதிவிட்டாள். குளியல் வீட்டு அம்மாவின் கதை பாதியைத் தாண்டியிருக்கிறது. நாங்கள் அறிந்தவரை அந்த விளையாட்டு இதுவரை வேறு எந்த மொழியிலும் வரவில்லை. முடித்த பக்கங்களை என்னிடம் கொடுப்பாள். நான் பிழை பார்ப்பேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடுவேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை. இப்படி ஒரு பொருள் என் மேஜைக்கு வந்ததே இல்லை என்று அவளிடம் ஒருநாள் சொல்லவேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "வந்துட்டேம்ப்பா" என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். சில நாள் பஸ் கிடைக்காமல் பத்தேகால் ஆகும். அதுவரை செய்தித்தாளின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.