மகளின் கிட்டாரை நான் சரிசெய்த கதை

என் மகளின் எலக்ட்ரிக் கிட்டாரில் நான் கை வைத்திருக்கவே கூடாது. இப்போது இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரே அறிவாளி நான்தான்.

அவள் புனேயில் பிறந்து இங்கேயே கல்லூரியில் படிக்கிறவள். நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறாள். கல்லூரி விழாவில் முதன்முறையாக அவர்களுக்கு மேடை கிடைத்திருந்தது. பாடுகிற பையனுக்குக் கனத்த குரல். அதனால் அவர்களே எழுதிய பாட்டைக் கீழ்ச்சுருதியில் வைத்துக்கொண்டார்கள். பாட்டின் தொடக்கமே என் மகளுடையது. இருப்பதிலேயே தடித்த கம்பியை, விரல் எதுவும் வைக்காமல், அவள் தனியாக மீட்டி ஆரம்பிப்பாள். மற்றவர்கள் பின்னால் வந்து சேர்வார்கள். எழுந்ததும் அதுதான், சாப்பிட்டதும் அதுதான் என்று வீட்டில் அதையே வாசித்துக்கொண்டிருந்தாள்.

சுருதியை இறக்கினால் கம்பி தொய்ந்துபோகும். தொய்ந்த கம்பி கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளில் பட்டுக் கரகரக்கும். அதற்காகத் தடித்த கம்பிகள் மாட்டி, கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் திருத்த வேண்டுமாம். ஊருக்குள் ஒரு கிட்டார் கடையில் செய்து தருவார்கள் என்றாள்.

"இதுக்கெதுக்குங் கண்ணு கடை? அப்பா என்ன வேலை பாக்கறேன்?" என்றேன்.

நான் புனேக்கு வெளியே சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத பிசகைக் காட்டி, வண்டி நிறைய வந்த சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன். ஒரு மரத்துண்டும் ஆறு கம்பியும் என்னை என்ன செய்துவிடும் என்ற தலைக்கனம்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினேன். வெர்னியர், ஃபீலர் கேஜ் என்று அளக்கிற சாமான்கள், திருகுவதற்கு ஆலன் கீ எல்லாம் வரிசையாக வைத்தேன். தடித்த கம்பிகளை மாட்டினோம். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வளைவைச் சரிக்கட்டினேன். நன்றாகவே வந்தது. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டுப் பீற்றிக்கொண்டேன். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன.

பிரச்சினை கழுத்தின் உச்சியில் இருந்தது. கம்பிகள் உட்கார அங்கே பள்ளங்கள் வெட்டிய ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது, நட் என்பார்கள். புதுக் கம்பி பழைய பள்ளத்தில் இறங்காமல் மேலேயே நின்றது. தொழிற்சாலை டூல் ரூமிலிருந்து கொண்டுவந்திருந்த ஊசி அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தேன்.

பாதியில் அவள், "ஒரு வாட்டி ட்யூன் பண்ணி வாசிச்சுப் பாக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

"அளவு வரட்டும். அப்புறம் வாசி."

இணையத்தில் ஓர் அளவு பார்த்து வைத்திருந்தேன். அந்த அளவு வரும்வரை ராவினேன். தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான். அளவு சரியென்றால் பொருள் சரி, காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அளவு அச்சாக வந்தது. ஆனால் அது சாதாரணச் சுருதிக்கான அளவு. இறக்கிய கம்பி அகலமாக ஆடும், அதற்கு இன்னும் உயரம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அவள் சுருதியை இறக்கி அந்தத் தடித்த கம்பியைத் தொட்டதும், தகரத்தில் ஆணி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பசை விட்டுப் பள்ளத்தை நிரப்பிப் பார்த்தேன், கம்பியை முறுக்கியதும் பெயர்ந்துகொண்டு வந்தது. கடைக்குப் போன் செய்தால், புது நட் வெட்டிப் பொருத்த வேண்டும், விழாவுக்குள் ஆகாது என்றார்கள். அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் நண்பர்கள் ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தார்கள். நான் போஹா, அதாவது அவல் உப்புமா, தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்றேன். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் டிரம்ஸ் பையன், யார் இப்படி நாசம் பண்ணியது என்று மராட்டியில் கேட்டான்.

"மீச் கேலம்," என்றாள் என் மகள். நானேதான் பண்ணினேன் என்று. அவசரப்பட்டு அரத்தால் ராவிவிட்டாளாம்.

மேடை கிடைத்திருக்கிற நேரத்தில் இது என்ன பொறுப்பில்லாத்தனம் என்று அவன் எகிறினான். வேறு கிட்டார் இரவல் வாங்கலாமா என்று பேசினார்கள். தடித்த கம்பி மாட்டி இழுக்க எவனும் தன் கிட்டாரைத் தரமாட்டான் என்று முடிந்தது. கடைசியில் அவளுடைய பகுதியையும் குழுவின் இன்னொரு கிட்டார்காரனே, ஏற்கெனவே தடித்த கம்பி மாட்டிய தன் கிட்டாரில் வாசிப்பான் என்று முடிவானது. அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். 'நான்தான்பா செய்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பிள்ளைகள் என்னை அங்கிள் அங்கிள் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே போய், சற்றுப் பொறுத்து, ஒன்றும் கேட்காதவன் போலத் தட்டுகளோடு வந்தேன். உப்பு போதுமா என்றுகூட விசாரித்தேன்.

விழாவில் அவள் மேடைக்குக் கீழே ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய தொடக்கத்தை அந்தப் பையன் வாசித்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. அவளும் கை தட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் இருந்த பக்கம் பார்க்க முடியாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பைக்கில் என் தோளைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். போசரி சிக்னலில் நின்றோம்.

"அப்பா, அன்னிக்கு நாங்க பேசறப்ப நீங்க கிச்சன்கிட்டதான் நின்னீங்க, இல்ல?"

நான் ஆக்சிலேட்டரைச் சும்மா ஒரு முறை முறுக்கினேன். அவளே சொன்னாள்: "மராட்டில ஃபாஸ்ட்டா பேசிட்டோம். உங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

காலையிலிருந்து சாயங்காலம்வரை தொழிற்சாலையில் நான் கத்துவது மராட்டியில்தான். வீட்டிலிருந்து போனில் நான் சூபர்வைசர்களை அதே மராட்டியில் வாங்கு வாங்கென்று வாங்குவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள். எனக்குப் புரிந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்வதற்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறாளா, தப்பித்துக்கொள்ள வழி விடுகிறாளா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"ஆமாங் கண்ணு, சரியாப் புரியல," என்றேன்.

"சரிப்பா," என்று சொல்லி, என் தோளில் இருந்த கையை எடுத்து வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.