மல்லாட்டை கேட்டவளுக்குக் கடலை வாங்கப் போனேன்: ஆஹெனிலிருந்து ஹம்பேர்க் வரை

இன்று செவ்வாய்க்கிழமை காலை உறுதியான செய்தி: ஈரத்துணியில் கட்டிவைத்த இருபது நிலக்கடலைப் பருப்புகளில் பதினேழு முளைவிட்டிருக்கின்றன. நான் எண்ணினேன். என்னை நம்பாமல் என் மனைவி தேன்மொழியும் எண்ணினாள். வறுத்த விதை முளைக்காது. ஆகவே, சனிக்கிழமை ஹம்பேர்க்கில் வாங்கிச் சுமந்துவந்த நான்கு கிலோவும் பச்சைதான், அவள் சாப்பிடலாம். ஜெர்மனியில் அடுப்பில் ஏற்றாத, பால் பொருளும் சேராத உணவோடு நாளை ஓட்ட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்தப் பயணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த உணவுமுறைக்கு நாங்கள் கொள்கையால் வரவில்லை. தேன்மொழிக்கு ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை கிடைத்தது. இருபத்தாறு ஆண்டுப் பத்திரிகை வேலையை முடித்துக்கொண்டு நானும் கூட வந்தேன். இங்கே வாடகை வீடு என்றால் பெரும்பாலும் சமையலறை இருக்காது. அறை இருக்கும், சுவரில் தண்ணீர்க் குழாயின் வாய் இருக்கும். மேடை, தொட்டி, அடுப்பு எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும். எங்களுக்கு அது வந்துசேரப் பத்து வாரம் ஆனது. அதுவரை நான் வெளியே சாப்பிட்டேன். அவள் கத்தியால் நறுக்க முடிந்ததை மட்டும் சாப்பிட்டாள்.

அந்தப் பத்து வாரத்தில் அவளுடைய தலைவலி நின்றது. மாதத்தில் இரண்டு நாளாவது திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுக்கவைக்கும் தலைவலி அது. பல வருடத்துத் துணை. உணவால்தான் நின்றதா என்று மருத்துவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரை இழுக்கப்படவில்லை என்பதை மட்டும் நான் சாட்சி சொல்வேன். அடுப்பு வந்த பிறகும் அவள் அதைத் தொடவில்லை. நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடுபட்ட எதையும் சாப்பிடுவதில்லை. ஆளி விதை அடையைக்கூட அறை சூடாக்கியின் மேல், தெர்மாமீட்டர் வைத்துத்தான் காயவைக்கிறாள்.

தலைவலியோடு எடையும் போனது. ஐம்பத்து மூன்று கிலோ இருந்தவள் சென்ற பரிசோதனையில் நாற்பத்தாறரை. மருத்துவர் கோடு போட்டுவிட்டார்: அடுத்த முறை நாற்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் இந்த உணவுமுறை நிறுத்தம், உணவு வல்லுநர் சொல்கிறபடி சமைத்த சாப்பாடு. அவளும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு இருட்டறையை நினைத்துப் பயம். எனக்குத் தராசை நினைத்து.

எடைக்குக் கொழுப்பு வேண்டும். வால்நட் அவளுக்குச் சலித்துவிட்டது. பச்சை முந்திரி என்று விற்பது பெரும்பாலும் ஓட்டை உடைக்க ஆவியில் வேகவைத்தது. ஒருநாள் மாலை நூல்கோலைத் துருவிக்கொண்டே, "மல்லாட்டை மட்டும் கெடைச்சா ஒரு பிடி பிடிப்பேன்" என்றாள். திண்டிவனத்துக்காரி, நிலக்கடலைக்கு அவள் வீட்டில் அதுதான் பெயர். ஆஹெனில் பச்சை என்று சொல்லி விற்ற இரண்டு பொட்டலம் வாங்கித் துணியில் கட்டிப் பார்த்தாள். முளைக்குப் பதில் பூஞ்சை வந்தது. விதை சோதனையில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பேருந்தில் பழக்கமான மாணவர் ஒருவர், ஹம்பேர்க் ரயில் நிலையத்தருகே ஓர் ஈழத்தமிழர் கடை இருப்பதாகச் சொல்லித் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அழைத்தேன். கடைக்கார அம்மா எடுத்தார்.

"அக்கா, பச்சைக் கடலை இருக்குங்களா?"

"ஓம், இருக்கு."

"வறுத்தது இல்லையே?"

"இல்லை இல்லை, பச்சைதான். எவ்வளவு வேணும்?"

"அஞ்சு கிலோ."

"எடுத்து வைக்கிறன். சனிக்கிழமை ஏழு மணிக்குள்ளை வாங்கோ. ஞாயிறு பூட்டு."

செய்திக்குத் தேவையான எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்ட திருப்தியில் போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு ஆஹெனில் ஏறினேன். மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள் மண்டல ரயில்களில் கூடுதல் செலவில்லாமல் போகலாம். அதிவேக ரயிலில் அது செல்லாது. ஹம், மின்டன், ஹனோவர், ஊல்ட்ஸன் என்று நான்கு இடத்தில் மாற வேண்டும். சாலை வழியே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். கணக்குப்படி எட்டரை மணி நேரம். கணக்கு ஹம் வரைக்கும்தான் சரியாக இருந்தது. அங்கே சிக்னல் கோளாறு என்று அறிவித்து இரண்டரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். மின்டனில் பிடிக்க வேண்டிய ரயில் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஏழு மணிக்குக் கடை பூட்டிவிடும் என்ற நினைப்பில் நடைமேடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த பாட்டி தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் அவள் உணவையே சாப்பிட்டுப் பார்ப்பது என்று கிளம்பியிருந்தேன். நிலையங்களில் ரொட்டிக் கடைதான் அதிகம். ரொட்டிக்குள் சீஸ், சீஸ் இல்லாத இடத்தில் வெண்ணெய். வாழைப்பழமும் ஆப்பிளும் எல்லா இடத்திலும் கிடைக்கும். நறுக்கிய பழக்கிண்ணத்துக்குக் கொடுக்கும் காசில் பேரங்காடியில் ஒரு கிலோ பழம் வாங்கலாம். கேரட், பேரீச்சை, எலுமிச்சை பிழிந்த நூல்கோல் துண்டுகள் என்று வீட்டிலிருந்தே எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். ஹனோவரில் காபி வாங்கிக் குடித்தேன். பால் கலக்காதது, ஆனால் கொதித்தது. என் பரிசோதனை அங்கே முடிந்தது.

ஹம்பேர்க்கில் இறங்கும்போது மாலை ஆறே கால். கடை நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். நான் ஓடினேன். கடைக்கார அம்மா யோகா அக்கா, அறுபது வயது இருக்கும், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையைத் தூக்கி வைத்தார்.

"ஆஹென் தம்பியோ? இந்தாங்கோ, அஞ்சு கிலோ."

பிரித்தால் கொண்டைக்கடலை.

"அக்கா, இது கொண்டைக்கடலைங்க."

"ஓம், கடலைதானே கேட்டனீங்கள்?"

"நான் கேட்டது வேர்க்கடலை."

"வேரிலை எங்கை தம்பி கடலை காய்க்கிறது?"

கையால் ஓடு மாதிரி காட்டி, உடைத்து, உள்ளே இரண்டு பருப்பு என்று நடித்துக் காட்டினேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கச்சான்! கச்சான் எண்டு கேக்கிறதுக்கென்ன?"

கல்லாவில் இருந்த அவர் கணவர் சிரித்தார். "ஆஹெனிலை கடலை இல்லையெண்டோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? அங்கை தகரத்திலை அடைச்சே விக்கிறாங்களே."

ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தேன்மொழி சொன்னாள்: "நான் மல்லாட்டைன்னுதானே சொன்னேன்? நீங்க அதை எடிட் பண்ணிட்டீங்க. ஆள் சொன்ன வார்த்தையை அப்படியே போடணும்னு ட்ரெய்னிங் பசங்களுக்கு க்ளாஸ் எடுத்த ஆள்!"

மதுரைக்காரனான எனக்கு அது கடலை. அவள் வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அக்கா, "அதென்ன?" என்று கேட்டிருப்பார். எல்லோருக்கும் புரியும் என்று நான் மாற்றிய சொல்தான் தவறான பையைக் கட்டவைத்தது.

"கச்சான் பச்சையா இருக்கா அக்கா?"

அக்கா கணவரைப் பார்த்தார். பின்னறையில் ஒரு சாக்கு இருக்கிறதாம். கோயில் திருவிழாக் கடைக்காக அன்றிரவு அவர் அதை வறுக்கப்போகிறாராம்.

"ஏலாது தம்பி. ஓடர் எடுத்தாச்சு" என்றார் கல்லாவில் இருந்த அண்ணை.

"என்னத்துக்குப் பச்சையாக் கேக்கிறியள்?" என்றார் அக்கா.

சொன்னேன்.

"ஒண்டும் அவிக்கிறேல்லையோ? புட்டும் இல்லையோ?"

"இல்லைங்க."

"பாவம்."

"அவளா?"

"அவ ஏன்? நீங்கள்தான்." சிரித்தவர், நிறுத்திக் கேட்டார்: "அவ எத்தினை கிலோ இப்ப?"

"நாற்பத்தாறரை."

அண்ணை எழுந்து பின்னறைக்குப் போனார். அள்ளி அள்ளிப் போடும் சத்தம் கேட்டது. நான்கு கிலோ பையோடு வந்தார். "திருவிழாவிலை சனம் கொஞ்சம் குறைச்சுக் கொறிக்கட்டும்."

"இது சூடு காட்டாததுதானே அண்ணை?"

"சாக்கிலை வந்தது, சாக்கிலையே நிக்குது. அதுக்கு முந்தி என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது."

தெரிந்ததை மட்டும் சொல்லும் மனிதர். கடலை கிலோ நான்கு யூரோ. அக்கா ஒரு கட்டு வல்லாரையை அதன்மேல் வைத்தார். கட்டிவைத்த கொண்டைக்கடலையைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் அதிலும் ஒரு கிலோ வாங்கினேன். நிலையத்தருகே மலிவு விடுதி ஒன்றில் தங்கி, ஞாயிறு மாலை ஆஹென் வந்தேன்.

அன்று மாலை வல்லாரைச் சம்பல். அக்கா சொன்னபடி: இலையை மெல்லிசாக அரிந்து, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துக் கையால் பிசைந்து, கடைசியில் எலுமிச்சை. அடுப்பே வேண்டாம். தேங்காயை முழுதாக வாங்கி உடையுங்கள். உறைய வைத்த துருவல் சூடுபட்டதா என்று எந்தக் கடையிலும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கறுத்ததையும் சுருங்கியதையும் எறிந்துவிட்டு, நூல்கோல் துருவலோடு சாப்பிடலாம்.

புறப்படுகிறவர்களுக்கு இன்னும் சில. வாரச் சந்தையில் தொட்டியிலிருந்து அள்ளித் தரும் புளித்த முட்டைக்கோஸ் பெரும்பாலும் பச்சை. தகர டப்பாவில் உள்ளது சூடாக்கியது. கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜெர்மனில் 'ரோ' என்றால் சமைக்காதது. நம் பழக்கத்தில் 'கிரீன்' என்று கேட்டால் நிறத்தைத்தான் தருவார்கள். பச்சை பீன்ஸை மட்டும் சமைக்காமல் தின்னாதீர்கள், அது நஞ்சு. பி12 மாத்திரையை விடாதீர்கள், தேன்மொழி விடவில்லை. மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கடைக்குப் போன் செய்தால், பொருளின் பெயரை அந்த ஊர் வார்த்தையில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இன்று காலை முளைத்ததை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "மல்லாட்டைதான்" என்றாள். பிறகு இன்னொரு பிடி எடுத்துக்கொண்டாள். வீட்டுத் தராசில் ஏற மாட்டேன் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"கோட்டுக்குக் கீழ போயிட்டா அன்னிக்கு மதியம் என்ன சமைப்பீங்க?" என்று கேட்டாள்.

"கடலைக் குழம்பு."

"எந்தக் கடலை?"

இருவருமே சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

எடை பார்க்கும் நாள் அடுத்த வாரம் வியாழன், காலை ஒன்பது நாற்பது. ரத்தப் பரிசோதனை முடிவும் அன்றே கிடைக்கும் என்று மருத்துவமனை வரவேற்பில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு கிலோ கொண்டைக்கடலை பிரிக்காமல் அடுப்போரம் இருக்கிறது. வியாழன் மதியம் குழம்பு வைக்க வேண்டுமென்றால் புதன் இரவே ஊறப்போட வேண்டும். போடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.