பத்து சென்ட்டுக்குள் பறந்த விமானம்

ஆவணக்கெண்ணெய் கருகுகிற வாசனை தெரியுமா உங்களுக்கு? விளக்கெண்ணெய் என்பீர்களே, பேதிக்குக் குடிக்கிற அதே எண்ணெய்தான்... எரியும்போது லேசாக இனிக்கும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாசனை வந்தால் எனக்கு என் மாமனார் முகம்தான் வரும்.

கல்யாணம் முடிந்த கையோடு கல்ஃபுக்குப் போன என் வீட்டுக்காரர் முதல் லீவுக்கு வந்திருந்தார். கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம்தான் எங்கள் ஊர். பெட்டியில் டேப் ரெக்கார்டர் இருக்கும் என்று காத்திருந்தேன். இருந்தது ஒரு பொம்மை விமானம்... முதலாளி வீட்டில் வேண்டாமென்று போட்டது. மூக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு, மெத்தனாலில் ஓடுகிற ஒரு குளோ இன்ஜின். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, நடுவில் ஆள் நின்று கைப்பிடியைப் பிடித்தால், அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். அதற்கு நல்ல அகலமான இடம் வேண்டும். "அப்பா, பள்ளிக்கூட கிரவுண்டுல விடலாம்" என்றார் இவர்.

"வேண்டாம் மக்கா. நமக்க மண்ணுக்குள்ள பறக்கட்டு. வேற ஒருத்தனுக்க மண்ணில விழுந்தா, எடுக்கப் போவதுக்கு அவன்கிட்ட கேக்கணும்."

மாமா பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில் குடிகிடப்பு, குடிசை போட்டு இருக்க மட்டும்தான் உரிமை. வாசலில் விழுந்த தேங்காயைத் தொடக்கூட அனுமதி கேட்க வேண்டும். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, பத்து சென்ட்டுக்குப் பட்டயம் கைக்குக் கிடைத்த பிறகு, அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய இடத்தை மண் தள்ளி நிரப்பாக்கினோம். மூலையில் வீடு, மற்ற மூலைகளில் தென்னை. கம்பியைப் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன வட்டத்தில் சுற்ற, இன்ஜினுக்கு இன்னும் சக்தி வேண்டும். சக்தி குறைந்தால் கம்பி தொய்யும், விமானம் விழும்.

மெத்தனால் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. அதில் எண்ணெய் கலக்க வேண்டும். மாமா உள்ளே போய்ப் போத்தலோடு வந்தார். "எதுக்கு வெளிய வாங்கணும்? நமக்க தெங்கில உள்ள எண்ணெயாக்கும்."

தலைக்கும் குழம்புக்கும் புண்ணுக்கும் அதுதானே எங்களுக்கு. இவருக்கு மறுக்க மனம் வரவில்லை. ஆனால் தேங்காயெண்ணெய் மெத்தனாலோடு சேரவில்லை, தனியாகப் பிரிந்து நின்றது. குலுக்கி ஊற்றிப் பார்த்தார். இன்ஜின் சூடாகி நின்று, விமானம் மூக்கு குத்தி விழுந்தது. மாமா போத்தலைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு அந்த விமானத்தின் மேல் இருந்த கோபம் போயிற்று.

லீவு தீரப்போகிறது. உதியன்குளங்கரை வைத்தியசாலையில் ஆவணக்கெண்ணெய் வாங்கி வந்தேன். அது கரைந்தது. ப்ளக்குக்கு அடியில் இருந்த இரண்டு செம்பு வாஷரில் ஒன்றைக் கழற்றினார் இவர். அழுத்தம் கூடினால் சக்தி கூடுமாம். இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் விடும் திருகை இறுக்க இறுக்கச் சத்தம் ஏறியது... உச்சத்தில் கொஞ்சம் தளர்த்தி விட்டார்.

கல்ஃபுக்குத் திரும்ப இவர் பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்கு முந்தின சாயங்காலம். மாமாவை நடுவில் நிறுத்தி, கைப்பிடியைக் கொடுத்து, பின்னால் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் இவர். நான் விமானத்தை விட்டுவிட்டுக் குனிந்தேன்.

பறந்தது. கம்பி விறைத்து நின்றது. மாமா விமானத்தைப் பார்க்கவேயில்லை. அது நெருங்குகிற ஒவ்வொரு எல்லைக்கல்லையும் பார்த்துக்கொண்டே சுற்றினார்.

எண்ணெய் தீர்ந்து, சத்தம் நின்று, அது மெதுவாக மண்ணில் வந்து உட்கார்ந்தது. மாமாவுக்குத் தலை சுற்றியது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தனுக்க மண்ணிலயும் விழல்ல, கேட்டியா."

அடுத்த லீவுக்கு முன்னால் மாமா போய்விட்டார். தந்தி கிடைத்தும் இவரால் வர முடியவில்லை.

இப்போது அந்த இடம் முழுக்கக் கான்கிரீட் வீடு. இன்ஜின் ஷோகேஸில் இருக்கிறது. பேரன் மொட்டை மாடியிலிருந்து ட்ரோன் விடுகிறான். அது யார் யார் வீட்டுக்கு மேலேயோ போகிறது, யாரிடமும் கேட்பதில்லை.

இவர் மட்டும் கீழிருந்து சொல்கிறார்: "மக்கா, நமக்க மண்ணுக்குள்ள விடு."

பேரன் சிரிக்கிறான். இவர் எல்லைக்கல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.