தானாக நடக்காத புல்வெட்டி

சின்ன வயதில் என்னை வீட்டில் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் விழுந்தது எதுவும் என் வாய்க்குள் தங்காது. அது ஏதோ பட்டம் என்று நினைத்து நானும் பெருமையாகத் திரிந்தேன்.

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மெக்கானிக். ஜெனரேட்டர், பம்புசெட், ஆட்களை ஏற்றிவரும் வேன் எல்லாம் அவர் பொறுப்பு. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருடைய அக்கா, என் அத்தை, அதே கம்பெனியில் புல் வெட்டினாள். பட்டாசு செய்யும் ரூம்களைச் சுற்றிக் காய்ந்த புல் நிற்கக் கூடாது என்பதால் வருஷம் முழுக்க அந்த வேலை இருக்கும். அதற்கு முன்னால் அவள் வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் இருந்தவள். ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்து, அவளோடு தினமும் வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்த தோழி போய்விட்டாள். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அத்தை அழுதாள். அப்பாதான் முதலாளியிடம் கெஞ்சி அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார். கூலி குறைவு.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் முதலாளி கொடைக்கானலில் ஒரு பங்களா வாங்கினார். பங்களாவோடு ஒரு பெட்ரோல் புல்வெட்டியும் வந்தது. நாலு சக்கரம், கைப்பிடியில் ஒரு லீவர். லீவரை அழுத்தினால் வண்டி தானாக நகருமாம், ஆள் பின்னால் சும்மா நடந்தால் போதுமாம். அதைக் கம்பெனியில் இறக்கிவைத்து, "இது மட்டும் ஓடட்டும். புல்லு வெட்டுற பொம்பளையாளுகள மருந்து ரூமுக்கு அனுப்பிருவோம். சீசனுக்கு ஆளு பத்தல" என்று முதலாளி சொன்னாராம். அத்தைக்குக் கூலி கூடப்போகிறது என்று நான் வீட்டில் குதித்தேன். அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

வேலை நாளில் இன்ஜினை ரூம்கள் பக்கம் கொண்டுபோக முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளோட்டம். அப்பா என்னையும் மொபெட்டில் கூட்டிப்போவார். வெட்டிய புல்லை அள்ள அத்தையும் வருவாள். கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் இன்ஜின் கிளம்பியது, பிளேடும் ஜோராகச் சுற்றியது. ஆனால் வண்டி நகர வேண்டுமே! லீவரை அழுத்தினால் இரண்டடி போகும், பிறகு முக்கும். கரிசல் மண்ணில் அப்பா அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போனார்.

முதல் ஞாயிறு மேல்மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, சக்கரங்களைக் கழற்றி, பல்லில் சிக்கிய புல்லைச் சுரண்டினார். அடுத்த ஞாயிறு லீவர் கேபிள் தொய்ந்திருக்கிறது என்று நட்டை முறுக்கினார். மூன்றாவது ஞாயிறு, மேல்மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் கேபிளுக்கே போனார். முதலாளி அன்று நேரிலேயே வந்திருந்தார். "என்னய்யா மெக்கானிக்கு நீ! லாரி இன்ஜின இறக்கி ஏத்துறவன், இந்தப் பொம்ம வண்டிகிட்டத் தோத்துட்டியே" என்று டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் கேட்கச் சிரித்தார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. என் அப்பாவைப் போய் அப்படிச் சொல்லலாமா?

அத்தை அந்த வண்டிக்குள் தண்ணீர் ஊற்றுவதை நான் பார்த்திருந்தேன். எங்கள் பக்கம் உரசுகிற எதையும் காயவிட மாட்டார்கள். ரூம் வாசலுக்கு வாசல் தண்ணீர்த் தொட்டி இருக்கும், தரையை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அத்தையும், வண்டி நிற்கும்போதெல்லாம் தொட்டியடியில் படிந்த சகதித் தண்ணீரை அள்ளி மூடியின் இடுக்கு வழியாக உள்ளே ஊற்றுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே ஓடும் பெல்ட் வழுக்கினால் சக்கரம் எப்படிச் சுற்றும்?

"மொதலாளி, பெல்ட்டு பூரா சகதியா இருக்கு! அத்ததான் தண்ணி ஊத்துறாக!" என்று கத்தினேன்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

"புள்ள சொல்றது நெசந்தான் மொதலாளி. காஞ்சு உரசுனா தீப்புடிச்சிருமோன்னு பயந்து ஊத்திட்டேன்" என்றாள் அத்தை. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா பெல்ட்டைக் கழற்றி, பழந்துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, மறுபடி மாட்டினார். லீவரை அழுத்தியதும் வண்டி அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. முதலாளி என் கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து, கெட்டிக்காரி என்றார். அத்தைக்குப் பாதி நீட்டினேன். அவள் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவினாள். 

திங்கட்கிழமை அவள் மருந்து ரூமுக்குப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து அப்பா மொபெட்டை வீட்டில் போட்டுவிட்டு அத்தையோடு வேனில் போய்வரத் தொடங்கினார். பெட்ரோல் மிச்சம் என்றார், நம்பினேன். அத்தை ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் என் வீட்டு வாஷிங் மெஷின் சுற்றாமல் நின்றது. மெக்கானிக் பையன் பின்மூடியைத் திறந்தான், எட்டிப் பார்த்தான், "பெல்ட்டு நனைஞ்சிருக்குக்கா" என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.  அப்படியே அப்பாவுக்குப் போன் போட்டு, அந்தப் புல்வெட்டிப் பெல்ட்டில் சகதி இருந்தது முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது.

"மொத வாரமே பாத்துட்டேன் தாயி" என்றார்.